மூன்றாவது வரி

மண்ணரைப் பகுதியில், பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கான காப்பகம். ஞாயிற்றுக்கிழமை மதியம். நன்கொடையாளர்களுக்கு மாதந்தோறும் மின்னஞ்சலில் போகும் கடிதத்தைக் காப்பகப் பொறுப்பாளர் சித்ரகலா மடிக்கணினியில் எழுதி முடித்து வாசித்துக் காட்டுகிறாள். இந்த மாதக் கடிதம் பூங்குழலியைப் பற்றியது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அமர்ந்து அவள் கேட்கிறாள். பின்னலில் ஒட்டிய பஞ்சு ஜன்னல் வெயிலில் வெள்ளையாகத் தெரிகிறது. தரையில் அவளுடைய மகள் நூல் தீர்ந்த அட்டைக் கோன்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறாள். கடிதத்தின் மூன்றாவது வரி, மகளை இங்கே சேர்ப்பதற்கு முந்தைய நாட்களைப் பற்றியது: “பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கண்ணீரோடு வேலைக்குப் போனார்.” பூங்குழலி கையை லேசாக உயர்த்துகிறாள். “நான் அழுவுலீங்க்கா.” “படிக்கறவங்க மனசு எளகோணுமில்ல கண்ணு. அப்பத்தான நாலு பேரு ஒதவுவாங்க.” “கம்பெனி வண்டிக்கு நேரமாயிருச்சுன்னு ஓடுனனுங்க்கா. உள்ள பாப்பா அழுதது கேட்டுச்சு. கேட்டுட்டேதான் ஓடுனேன்.” சித்ரகலா ‘கண்ணீரோடு’ என்ற சொல்லை அழிக்கிறாள். ‘போனார்’ என்பதையும் அழித்துவிட்டு ‘ஓடினார்’ என்று எழுதுகிறாள். மின்விசிறிக் காற்றில் வாசற்கதவு மெல்லச் சாத்திக்கொள்கிறது. அடுக்கிக்கொண்டிருந்த சின்னக் கை நின்றுவிடுகிறது. குழந்தை கதவைப் பார்க்கிறாள், பிறகு அம்மாவைப் பார்க்கிறாள். பூங்குழலி எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து, தன் செருப்பில் ஒன்றை அதற்கு முட்டாக வைக்கிறாள். சித்ரகலாவின் விரல்கள் மடிக்கணினியின் விசைகளுக்கு மேல் போகின்றன. ஒன்றும் எழுதாமல் மடிக்குத் திரும்புகின்றன.