முயலுக்கு ஒரு கண் கறுப்பு

"ஏறாதன்னா கேக்க மாட்டியாம்மா?"

செல்வி ஓடிவந்து ஸ்டூலைப் பிடிப்பதற்குள் சுருளியம்மாள் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றிவிட்டாள். முந்தானையால் ஒரு துடை துடைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"ஆனந்தி சூரியநெல்லி ஏறி வர்றதே பழைய போட்டோ பாக்கத்தான். இந்த எஸ்டேட் லயத்து வீடுகள்ல சட்டம் போட்ட படம் நம்ம வீட்ல மட்டும்தான் இருக்கு. அதையும் ஒளிச்சு வைக்கிற."

"படமெல்லாம் இல்லன்னு சொல்லிரு."

"அஞ்சு வயசுல என்னைய தேனி ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்தது. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவ. அவளுக்கு மட்டும் என்ன?"

"சாயாவுக்குத் தண்ணி வையி."

"போன வாரம் பேப்பர்ல அவளும் அவ புஸ்தகமும் வந்ததப் பாத்ததுலேருந்து நீ சரியில்ல. பக்கத்து வீட்டுப் பிள்ள, அப்பன் இல்லாம வளந்தது, பெரிய ஆளாயிருச்சு. உன் மக ரிசார்ட்டுல பெட்ஷீட் மடிக்கிறா. அதான?"

சுருளியம்மாள் ஸ்டூலை மூலைக்கு நகர்த்தினாள்.

ஆனந்தி கேட்டால் படத்தை எடுத்துக் காட்டிவிடுவது என்று செல்வி முடிவு செய்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஜீப் வந்து நின்றது. ஆனந்தி நேராக உள்ளே வந்து, "சித்தி" என்று காலில் விழுந்தாள்.

"எந்திரிடி. இந்தக் கால்ல அட்டை கடிச்ச தழும்பத் தவிர ஒண்ணும் இல்ல."

சிரித்துக்கொண்டே எழுந்தவள், பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துச் சுருளியம்மாளின் மடியில் வைத்தாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதினது சித்தி. என்கிட்ட இருக்கற ஒரே சின்ன வயசு போட்டோவப் பாத்துத்தான் எழுதினேன். அட்டையும் அதப் பாத்து வரைஞ்சதுதான்."

அட்டையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி. கவுனின் பையில் துணியில் வெட்டித் தைத்த முயல். அதற்குப் பொத்தான் கண்கள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு.

சாயா டம்ளரோடு வந்த செல்வி அப்படியே நின்றாள்.

"பொங்கலுக்கு அப்பா தேனியிலேருந்து வாங்கிட்டு வந்தது. கண்ணு ஏன் வேற வேறயா இருக்குன்னு கேட்டேன். இது ஒரு கண்ணால பகலப் பாக்கும், இன்னொரு கண்ணால ராத்திரியப் பாக்கும்னார். அந்த ஒரு பேச்சுதான் சித்தி இந்தப் புஸ்தகம் முழுக்க. அடுத்த மழைக்கு அவர் போய்ட்டார். முகம்கூட சரியா ஞாபகம் இல்ல. ஒண்ணுக்கும் ஆகாதவன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா எனக்கு ஒரு கவுன் வாங்கித் தந்தாரே. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

சுருளியம்மாள் அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"உங்கப்பன் ஈஸ்வரன் வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பஸ்ஸ விட்டுட்டு பூப்பாறையிலேருந்து நடந்தே வந்தான். பனின்னா அப்படிப் பனி. தலையில துண்டு இல்ல. என்னடா இப்படி வர்றன்னு கேட்டா, கவுன் நனஞ்சிரும், அதான் துண்ட அதுல சுத்தியிருக்கேன்னான்."

"இது எனக்குத் தெரியாதே சித்தி."

ஆனந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் குறித்துக்கொண்டாள். "அடுத்த கதை இதுதான்" என்றாள். பிறகு, "அந்த வருஷத்து போட்டோ ஏதாச்சும் இருக்கா? அப்பா ஓரமா எங்கயாவது நின்னிருப்பார்."

"எங்க இருக்கு" என்ற சுருளியம்மாள் மகளைப் பார்த்தாள்.

ஆனந்தியின் பார்வை சுவரில் இருந்தது. கரி படிந்த சுண்ணாம்பில் ஒரு சதுரம் மட்டும் வெளுப்பு. மேலே ஒரு ஆணி.

"இங்க ஏதோ படம் மாட்டியிருந்த மாதிரி இருக்கே, செல்விக்கா?"

"காலண்டர்" என்றாள் செல்வி. "சாமி காலண்டர். பழசாயிருச்சுன்னு இன்னிக்குத்தான் எடுத்தோம்."

கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தின் பாதி வெளியே தெரிந்தது. கண்ணாடிக்குள் ஐந்து வயதுச் செல்வியின் மஞ்சள் கவுன். பையில் முயல். அதன் கறுப்புக் கண், சிவப்பு ஒன்று உதிர்ந்தபோது அம்மா தைத்த, செல்வியின் அப்பாவுடைய சட்டைப் பொத்தான். ஒரு பொங்கலுக்கு முன்பு காணாமல்போன அந்தக் கவுனை எலி கடித்துவிட்டது என்றுதான் அம்மா இத்தனை வருஷமும் சொல்லிவந்தாள்.

ஆனந்தியின் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு, செல்வி குதிகாலால் படத்தை உள்ளே தள்ளினாள்.