டைல்ஸ் இன்னும் வரலை

"பொய்!" என்றார் செக்கர். "பஸ்ல டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே இறக்கிவிட்டவன்யா நான். டைல்ஸ் வரலைன்னு என் காதுலயே பூ சுத்தறியா?"

மேஸ்திரி கரணையைக் கீழே வைத்தார். "நிஜமாத்தாங்கய்யா. கம்பெனியிலேருந்தே இன்னும் வரலையாம்."

ரிடையராகியும் செக்கருக்குச் சோதனை போடும் புத்தி போகவில்லை. காலையில்தான் கடைக்கே போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். சமையலறை டைல்ஸ் எப்போதோ வந்து, கடைக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "மேஸ்திரிதான் இப்ப அனுப்பாதீங்கன்னு சொன்னாரு" என்று கடைக்காரர் சொன்னதும் இவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

பின்னே கொதிக்காதா? வெளிநாட்டில் இருந்தபடியே மேஸ்திரியை அமர்த்தி வீட்டைப் புதுப்பிக்கும் மகன், "வேலை முழுசா முடியட்டும்ப்பா, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லியிருந்தான். மத்தது என்றால் என்ன, குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடுவதுதான்! பெண்டாட்டி போன பிறகு தனியாக விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவருக்கு அது போதாதா? மகன் கேட்டதும் வீட்டை அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னறையில் தூசியைத் தின்றுகொண்டு காத்திருந்தார்.

அதிலும் குழந்தைகள் அறைக்கு மகன் அனுப்பிய படத்தில் இரண்டு கட்டில். அவனுக்கு இருப்பதோ ஒரே பெண். செக்கர் தனியாக உட்கார்ந்து சிரித்தார். 'கள்ளப் பயல்! ரெண்டாவது வரப்போகுது, அப்பன்கிட்ட மூச்சு விடலை பாரு!'

எல்லாம் கூடி வரும்போது நந்தி மாதிரி குறுக்கே இந்த மேஸ்திரி. மற்றவர்களாவது நாலு இடத்தில் வேலை பிடித்துக்கொண்டு ஓடி ஒளிவார்கள். இவர் தினமும் தவறாமல் வருவார். வந்து, நேற்றுத் தேய்த்த சுவரையே இன்றைக்கும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்.

"கடையில டைல்ஸ் கிடக்கு. அனுப்பாதேன்னு சொன்னது நீ. ஏன்யா?" செக்கர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். "இப்ப என்னங்கய்யா அவசரம்? பின்னறையில நிம்மதியாத்தானே இருக்கீங்க."

"உன் அப்பனா இருந்தா இப்படி இழுத்தடிப்பியா?"

"எனக்கு அப்பா இல்லீங்க."

"இருந்திருந்தா உன்னைப் பெத்த பாவத்துக்கு நாண்டுக்கிட்டுச் செத்திருப்பாரு!"

எதிர்வீட்டு ஜன்னலே சட்டென்று மூடிக்கொண்டது. மேஸ்திரியின் கண் கலங்கியதைப் பார்த்து செக்கருக்கு உள்ளூரக் குஷிதான். அழட்டும், அப்போதுதான் வேலை நடக்கும்.

"இப்பவே மகனுக்குப் போன் போடறேன். உன்னைத் துரத்திட்டு வேற ஆளை வைக்கச் சொல்றேன். அவன் ஒரே மூச்சுல முடிச்சிடுவான்."

"ஐயோ, வேண்டாங்கய்யா!" மேஸ்திரி பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற யாரும் வேண்டாம். நானே முடிச்சுடறேன்."

பயந்துட்டான் பயல் என்று நினைத்துக்கொண்டார் செக்கர்.

அன்றைக்கே டைல்ஸ் வந்து இறங்கியது. செக்கர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி முதுகை நிமிர்த்தினால் ஒரு திட்டு, தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு குத்தல். அப்படியே வாரக் கடைசிக்குள் வேலை முடிந்துவிட்டது. இதைத்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டும் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மகனுக்குப் போன் போட்டார்.

"முடிஞ்சுதுடா! கண்ணாடி மாதிரி இருக்கு."

"அப்பாடா! இருங்கப்பா, நான் உடனே சொல்லிடறேன்" என்று மகன் போனை வைத்துவிட்டான். வேறு யாரிடம் சொல்லப்போகிறான், மருமகளிடம்தான். செக்கருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

மேஸ்திரி மட்டும் கை கால் கழுவிக்கொண்டு கிளம்பாமல் நின்றார்.

"இன்னும் என்ன? நடையைக் கட்டு."

"இருக்கேங்கய்யா. உங்க சாமான் ஏதாவது தூக்க வேண்டியிருந்தா..."

"என் சாமானை எதுக்குய்யா தூக்கணும்? கிறுக்கா உனக்கு?"

மேஸ்திரி வாசற்படி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் மகனே வந்துவிட்டானோ என்று செக்கர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

இறங்கியது யாரோ ஒரு பெண். கையில் புதுத் திரைச்சீலைகளோடு, இவரை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்து சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சுது, சாவியை வாங்கிக்கோங்கன்னு வீட்டை வித்தவர் இப்பத்தான் போன் பண்ணினாரு" என்று மேஸ்திரியிடம் சொன்னவள், அப்போதுதான் செக்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க மேஸ்திரி, இந்தப் பெரியவர் இன்னும் காலி பண்ணலையா?"