நாலாவது வாய்

"மூணு வாய் இறங்குச்சுல்லா, நாலாவது மட்டும் எப்படிட்டி..."

"முழுங்க முழுங்கத் தொண்டை ஓஞ்சிருதுக்கா, டாக்டரு..."

"உங்கம்மா வீட்டுல ஓயலியாமே! என் சமையலுக்குத்தான் ஓயுமோ?"

"அங்கயும் இப்படித்தான்க்கா."

தசைகள் சோர்ந்துபோகிற நோய் என்று மருத்துவர் சொன்னதை மூத்த மருமகள் சொர்ணம் நம்பவில்லை. இளையவள் வடிவு, தொங்கும் தாடையைக் கையால் தாங்கியபடி சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கியிருந்தாள். நேற்று இப்படி வலிந்து விழுங்கியதில்தான் புரையேறி மூச்சு முட்டியது.

"நான் சோத்துல எதையாவது கலந்துட்டேன்னு நினைக்கியோ?"

அந்த வீட்டில் மூத்தவள் இளையவளின் எச்சிலைத் தொடுவதில்லை. சொர்ணம் வடிவின் தட்டிலிருந்தே ஒரு கவளம் அள்ளித் தன் வாயில் போட்டு மென்றாள். முகத்தை வடிவின் முகத்தருகே கொண்டுவந்தாள்.

"நான் முழுங்கிட்டேன். இப்ப நீ முழுங்கு, பாப்போம்."