மாமியாரும் மலைப்பாதையும்

"வண்டி அந்த வளைவுல அப்படியே படுத்துடுச்சு. முழங்காலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாது. நிமிர்ந்தோமோ இல்லையோ, எதிர்ல லாரி ஹாரன்!"

கையிலிருந்த பல் செட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே சொன்னார் சூறாவளி. பல் செட் செய்யும் அந்தப் பட்டறையில் மோட்டார் சைக்கிள் கதைகளாகவே சொல்லிச் சொல்லி அவருக்குக் கிடைத்த பட்டம் அது.

"ஐயய்யோ! அப்புறம்?" பல் அச்சு வார்க்கப் பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்த அச்சுக்காரப் பெண் கரண்டியை அப்படியே நிறுத்தினாள். கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகத் தொடங்கியிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அப்புறமென்ன, லாரிக்கும் பாறைக்கும் நடுவுல புகுந்து சர்ருன்னு வெளியே! அப்போ ஒரு அலறல் கேட்டுது பாரு, மேய்ஞ்சுட்டிருந்த ஆடெல்லாம் தெறிச்சு ஓடிடுச்சு."

"உங்க மாமியாரா? பாவம்ண்ணே அவங்க."

"பாவம்தான். ரெண்டு காதும் அடைச்சுப்போச்சு அவங்களுக்கு."

"ஆமா, எப்பப் பார்த்தாலும் மாமியாரோட போனேன், மாமியாரோட போனேன்னே சொல்றீங்களே. அண்ணியைக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?"

"அவளுக்கு வண்டியில உட்கார்ந்தா தலை சுத்தும். எங்க அத்தைக்கு வீட்டுல உட்கார்ந்தா தலை சுத்தும்."

அவள் சிரித்தாள். சூறாவளிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"போன மழைக்குப் போனோமே, அதுதான் சவாரி! மேகம் ரோட்டு மேலயே படுத்துக் கிடந்துது. அதுக்குள்ள நுழைஞ்சா, யாரோ ஈரத்துணியால முகத்தைத் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். ஹெல்மெட் மேல மழை மத்தளம் வாசிக்குது, உள்ளே நான் பாடுறேன். என் பாட்டை நானே ரசிச்சது அன்னைக்குத்தான். உச்சியில இறங்கி டீ வாங்கினா, நடுக்கத்துல பாதி டீ சட்டைக்கே போயிடுச்சு."

"குளிராண்ணே?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

அதற்குள் முதலாளி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"குடி முழுகிப்போச்சு! மலைப்பாதையில மண் சரிஞ்சிருக்காம். கார், வேன் எதுவும் போக முடியாது. மோட்டார் சைக்கிள் மட்டும் ஒதுங்கிப் போகுதாம்."

மலைக்கு அந்தப் பக்கம் மாலையில் பொதுக்கூட்டம். பேச வேண்டிய தலைவரின் புதுப் பல் செட் இங்கே மேஜைமேல் டப்பாவுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. பழையது, முந்தைய கூட்டத்தில் எதிர்க்கட்சியைத் திட்டிய வேகத்தில் பறந்துபோய் முன்வரிசையில் விழுந்து இரண்டாகியிருந்தது.

"பல் இல்லாம அவர் மேடை ஏறினா வெறும் காத்துதான்யா வரும்!"

"பல் இருந்தப்போ மட்டும் என்ன வந்துச்சாம்?" என்றாள் அச்சுக்காரப் பெண்.

"வாயை மூடும்மா! நமக்கு வேலை கொடுக்கிற ஆஸ்பத்திரியே அவர் மச்சானோடது. இன்னைக்கு இந்தப் பல் போய்ச் சேரலைன்னா, பட்டறையை இழுத்து மூடிட்டு நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." முதலாளி தன் வண்டிச் சாவியைச் சூறாவளியிடம் நீட்டினார். "உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லைய்யா. கிளம்பு."

சூறாவளியின் முகம் கிண்ணத்திலிருந்த பிளாஸ்டரைப்போல வெளுத்தது.

"இன்னைக்கா? எனக்கு வயிறு ஒரு மாதிரி..."

"லாரிக்கும் பாறைக்கும் நடுவுல புகுந்து வந்தவனுக்கு வயிறு என்னய்யா வயிறு?"

"அது... கூட எங்க அத்தை இருந்தாங்க முதலாளி. அவங்க இல்லாம நான் மலைக்குப் போனதே இல்லை."

"யோவ், நான் என்ன உன்னைச் சுற்றுலாவுக்கா அனுப்புறேன்? மண் சரிஞ்ச பாதையில பேரன் பேத்தி எடுத்த அம்மாவை எதுக்குய்யா இழுக்கிறே?"

"அவங்க வந்தா போறேன். இல்லைன்னா நீங்க வேலையை விட்டே தூக்கினாலும் சரி."

சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார். போனைக் காதில் ஒட்டியபடி வாசலுக்கு ஓடினார். "அத்தை, ஒரு அவசரம்..." என்பது மட்டும் உள்ளே கேட்டது.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மாமியார் மெச்சின மருமகள் இல்லைன்னு சொல்லுவாங்க. மாமியார் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மருமகனை இன்னைக்குத்தான்மா பார்க்கிறேன்."

"பாசம் முதலாளி" என்றாள் அவள்.

"பாசமாவது! வழியில அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, பழி என் தலையிலதான் விழும். வந்ததும் நானே கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிடுறேன், பார்."

சற்று நேரத்தில் வாசலில் ஓர் உறுமல் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அலமாரியில் வரிசையாக இருந்த பல் செட்டுகளெல்லாம் கடகடவென்று தந்தியடித்தன. முதலாளி கும்பிட்ட கையோடு வெளியே போனார். கை கும்பிட்டபடியே நின்றுவிட்டது.

வந்து நின்ற பெரிய மோட்டார் சைக்கிளில் ஒற்றை ஆளாக, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஓர் அம்மாள். "ஏறுங்க மாப்பிள்ளை, இருட்டுறதுக்குள்ள திரும்பணும்" என்று தலையைப் பின்பக்கம் ஆட்டினார்.

"யோவ் சூறாவளி! அப்போ இத்தனை நாளா நீ ஓட்டினேன்னு சொன்னதெல்லாம்...?"

"ஓட்டினேன்னு நான் எப்போ முதலாளி சொன்னேன்? போனேன்னுதானே சொன்னேன்!"

பல் செட் டப்பாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிய சூறாவளி, மாமியாரின் தோள்களை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பற்றிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்துக்கிட்டு வாங்க" என்றபடி கியரைத் தட்டினார் மாமியார்.