கிணற்றுக்குள் அலை

முப்பத்து நாலாம் வருஷக் கோடை. புதுச்சத்திரத்தில் கருப்பண்ணன் தன் காட்டில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் வராவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு ஏர்க்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போக வேண்டியதுதான். மேலே நின்று மண்கூடையை இழுத்தவள் மனைவி பெருமாயி.

"ஏனுங்க, ஈரங் கண்டுச்சுங்களா?"

"மணல்கல்லுதான் புள்ளை. கடக்கரையாட்டம் அலையலையாக் கிடக்குது. சிப்பி வேற ஒட்டியிருக்குது."

"நீங்க எந்தக் காலத்துல கடலைக் கண்டீங்க?"

அவன் சிரித்தான். பிறகு, "தண்ணிச் சத்தங் கேக்குது. போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றான்.

குழிக்குள் போக இடமேது என்று பெருமாயி எட்டிப் பார்த்தாள். அவன் இல்லை.

ஊரார் இறங்கிப் பார்த்தார்கள். கடப்பாரைக்கும் அசையாத பாறையில், ஈரமணலில் பதிந்ததுபோல் அவன் காலடிகள் இருந்தன. கடைசித் தடத்தில் குதிகால் மட்டும் தெரிந்தது. விரல்கள் கிணற்றுச் சுவருக்குள் இருந்தன.