கயிற்றோடு நான்கு அடி

ஆறாவது முறையாகக் கொடி உயர்ந்தது.

ஆஃப்சைடு.

பந்து அவள் காலடியில் கிடந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும். அடித்தால் கோல்தான். செல்லாத கோல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எதிரணித் தடுப்பாட்டக்காரிகள் நான்கு பேரும் அவளுக்குப் பின்னால், நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் நின்றிருந்தார்கள்.

எழுபது நிமிடமாக இதே கூத்துதான். பந்து அவளை நோக்கிக் கிளம்புவதற்குச் சற்று முன்னால், நடுவில் நிற்கும் டெல்பின் குரல் கொடுப்பாள்.

“ஏறு!”

நான்கு பேரும் நான்கு அடி முன்னே வருவார்கள். ஒருத்திகூடப் பிந்துவதில்லை. அக்கம்பக்கம் பார்ப்பதுகூட இல்லை. அவள் மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக மாட்டிக்கொள்வாள்; பந்து கிளம்பும் நொடியில் அங்கே நின்றால் ஆஃப்சைடு.

கோபம் வர வேண்டும். வரவில்லை. மலைப்பாக இருந்தது. எட்டுக் கால்கள், ஒரே மூச்சு. இப்படியும் ஆட முடியுமா என்று வாயைப் பிளக்க இது நேரமில்லைதான். ஆனாலும் பிளந்தாள்.

இறுதிப் போட்டி. இன்னும் பத்து நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை.

புன்னை மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலியில், கல்லூரி அணியின் பயிற்சியாளர் மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் தடுப்பாட்டத்தில் பெயர் வாங்கியவர். விளையாட்டுக் கோட்டாவில் அவரிடம் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கோல் போடுகிறவளுக்குத்தான் அது என்று காலையிலேயே பேச்சு அடிபட்டது.

அவளுக்கு இது பிளஸ் டூ. இடம் கிடைத்தால் கல்லூரி. இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் இறால் கம்பெனி. அம்மா பேசி முடித்துவிட்டாள். கையுறைகூட வாங்கியாயிற்று.

யாரோ உதைத்த பந்து கோட்டைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போனது. எடுக்க ஆள் ஓடியது.

சும்மா நின்ற அந்த நேரத்தில் அவள் டெல்பினின் பாதங்களைப் பார்த்தாள்.

முன்கால் விரல்கள் மண்ணில் ஊன்றியிருந்தன. உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. ஒரு தோள் மட்டும் தாழ்ந்திருந்தது.

எங்கேயோ பார்த்த நிற்பு.

எங்கேயோ என்ன, அவள் வீட்டு வாசலில் தினமும் பார்ப்பதுதான். கடலில் வளைத்த கரமடி வலையைக் கயிற்றைத் தோளில் போட்டுக் கரைக்கு இழுப்பவர்களின் நிற்பு. ஒருவர் குரல் கொடுப்பார். வரிசையே சேர்ந்து அடி வைக்கும். டெல்பினும் மற்ற மூவரும் ஒரே கடற்கரைக்காரிகள். பத்து வயதிலிருந்து ஒரே கயிற்றைப் பிடித்தவர்களாக இருப்பார்கள்.

அவளும் பிடித்தவள்தான். குரலோடு அடி வைத்தால் கயிறு கனக்காது. எதிர்த்து நின்றால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும்.

ஆறு முறை அவள் எதிர்த்து ஓடியிருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. ஒரு கரைக்காரிக்கு இது புரிய எழுபது நிமிடம்!

குரல் வரும்போது அவர்களோடு தானும் வர வேண்டும். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டெல்பின் விடமாட்டாள், ஒட்டிக்கொண்டே வருவாள். அவர்கள் விட்டுவந்த இடம் முழுக்கக் காலியாகிவிடும். பந்து கிளம்பிய பிறகு பின்னாலிருந்து ஒருத்தி கோட்டைத் தாண்டி ஓடி வந்தால் போதும், கொடி உயராது.

ஒருத்தி. அந்த ஒருத்தி அவள் இல்லை.

நடுக்களத்தில் அவள் அணியின் சஜினா நின்றாள். முதுகில் பதினொன்று. ஓட்டத்தில் அவளை அடிக்க ஆளில்லை. அவளுக்கும் பிளஸ் டூதான்.

பந்து தோப்பிலிருந்து வந்துவிட்டது.

அவள் கையைத் தாழ்த்தி, டெல்பினுக்குப் பின்னால் இருந்த இடத்தை ஒரு விரலால் சஜினாவுக்குக் காட்டினாள். சஜினா புருவத்தைத் தூக்கினாள். பிறகு தலையசைத்தாள்.

பந்து உள்ளே வந்தது. ஒரு கால் மாறியது. இன்னொரு கால் மாறியது.

“ஏறு!”

அவள் திரும்பி ஓடினாள். கோலை விட்டு. கல்லூரியை விட்டு.

கோட்டில் இப்போது ஐந்து பேர். ஓர் அடி. இரண்டு. மூன்று. டெல்பினின் தோள் அவள் தோளில் உரசியது.

கயிறு கனக்கவில்லை.

பந்து அவள் தலைக்கு மேலே போனது. எதிரே வந்த சஜினா அவளைக் கடந்து போனாள்.

கொடி உயரவில்லை.

அவள் திரும்பினாள். எழுபது நிமிடமாக அடைத்துக் கிடந்த இடம் கடல் மாதிரி திறந்து கிடந்தது. அதில் சஜினா மட்டும். இத்தனை இடம் இவ்வளவு நேரம் எங்கே இருந்தது? அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வலை குலுங்கியது.

எல்லோரும் சஜினா மேல் விழுந்தார்கள். அவளும் ஓடிப்போய் விழுந்தாள். சந்தோஷம்தான், பொய்யில்லை. விலகி வந்தபோது அம்மா வாங்கி வைத்த கையுறை நினைவுக்கு வந்தது. அதுவும் பொய்யில்லை.

மரத்தடியில் பயிற்சியாளர் குனிந்து எழுத ஆரம்பித்தார். என்ன எண் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இன்னும் இரண்டு நிமிடம். பந்து மறுபடி அவள் பக்கம் கிளம்பியது. அவள் அந்தக் குரலுக்காகக் காத்து நின்றாள்.

டெல்பின் வாயைத் திறந்தாள். மூடினாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முதுகில் இருந்த ஒன்பதைப் பார்த்தாள்.

பிறகு மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“பந்த விடுங்கட்டீ! ஒம்பதப் பிடிங்கட்டீ!”

அன்று முதன்முறையாக அந்தக் கோடு கலைந்தது. நான்கு பேரும் அவளை நோக்கி ஓடி வந்தார்கள்.

மரத்தடியில் பயிற்சியாளர் நிமிர்ந்து ஒன்பதைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது.