கேப்டனைத் தோண்டாதே

"அப்பா, எழுந்திரிங்க. ஊரே வேலிக்கு வெளிய நின்னு பாக்குது."

கெஞ்சலில் தொடங்கிய போஜெனாவின் குரல் கோபத்தில் முடிந்தது. அவளுடைய அப்பா செவெரின் அசையவில்லை. எழுபத்திரண்டு வயதில், அக்டோபர் ஈரத்தில், சிவப்பு நட்சத்திரம் பதித்த கல்லறை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

ஊர் நடுவே இருந்த சோவியத் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் காலி செய்து, எலும்புகளை மாவட்டத் தலைநகருக்கு அனுப்புவதென்று நகராட்சி முடிவு செய்திருந்தது. ரஷ்யப் படை போலந்தை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. செத்தவர்களும் கிளம்பட்டும் என்றது ஊர். முப்பது குழிகள் தோண்டியாகிவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த ரஷ்யக் கேப்டனுடைய குழி ஒன்றுதான் பாக்கி.

"ரஷ்யாக்காரன் மேல இவ்வளவு பாசமா, கிழவா?" வேலிக்கு அப்பாலிருந்து ஒருவன் கத்தினான். "உன் தம்பியைக் கொன்னவங்க அவங்க. மறந்து போச்சா?"

போஜெனாவுக்கு முகம் எரிந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. காட்டில் ஒளிந்திருந்து ரஷ்யர்களோடு மோதிய பையன்களில் சித்தப்பா ஷிமோனும் ஒருவர். 1945-இல் ரஷ்யர்கள் அவரைப் பிடித்துச் சுட்டு, உடலைச் சந்தைத் திடலில் போட்டார்கள். அழுதுகொண்டு வருபவர்களையும் பிடிக்கக் காவல் வைத்தார்கள். விடிந்தபோது உடலைக் காணோம். அவர்களே எங்கேயோ எறிந்துவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. அப்படிச் செத்தவருடைய அண்ணன், வருஷம் தவறாமல் இந்தக் கேப்டனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். பள்ளிக்கூடத்தில் போஜெனாவை 'ரஷ்யாக்காரி' என்று கூப்பிட்டே அழவைத்தார்கள்.

வாசலில் கார் நின்றது. இறங்கியவள் லரிசா, கேப்டனின் மகள். ஐம்பது தாண்டியவள். இரண்டு நாள் ரயிலில் வந்திருந்தாள். அப்பாவின் எலும்பைக் கொண்டுபோகக் கையில் ஒரு தகரப் பெட்டி.

"இவர் யாரு? எதுக்கு எங்கப்பா மேல உக்காந்திருக்காரு?"

பள்ளியில் கட்டாயத்துக்குப் படித்த ரஷ்ய மொழி போஜெனாவுக்கு நாக்கில் வந்தது. "என்னோட அப்பா. கூட்டிட்டுப் போயிடறேன்."

"சீக்கிரம் செய்ங்க. இந்த மண்ணுல எங்கப்பா இனி ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். ஜெர்மன்காரன்கிட்டேருந்து உங்களை மீட்க வந்த மனுஷன். போர் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, உங்க காட்டுக் கொள்ளைக்காரங்க மறைஞ்சிருந்து சுட்டாங்க."

போஜெனாவுக்குச் சுருக்கென்றது. "கொள்ளைக்காரங்களா? போர் முடிஞ்சப்புறம் உங்கப்பாவுக்கு எங்க காட்டுல என்ன வேலை? காளான் பொறுக்க வந்தாரா?"

"எனக்கு அப்ப மூணு வயசு. அவர் முகம்கூட ஞாபகம் இல்ல."

"எங்க சித்தப்பாவுக்குப் பத்தொன்பது வயசு. அவருக்குக் கல்லறைகூட இல்லாமப் பண்ணிட்டீங்க."

குழி தோண்டும் ஆட்களின் மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. "பெரியவரே, பெத்த பொண்ணே எடுத்துட்டுப் போக வந்தாச்சு. நீங்க யாரு தடுக்க?" என்றபடி இரண்டு ஆட்களுக்குக் கண் காட்டினார். அவர்கள் கிழவரின் கையைப் பிடித்தார்கள்.

"தொடாதே." கையை உதறினார் செவெரின். லரிசாவைப் பார்த்து ரஷ்ய மொழியிலேயே பேசினார். "உங்கப்பாவைத் தாராளமா எடுத்துட்டுப் போம்மா. அவருக்கு அடியில இருக்கறவனை எங்க போடப் போறாங்க? அதைக் கேட்டுச் சொல்லு."

"அடியில யாரு?"

"என் தம்பி."

வேலியோரம் நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"கேப்டனுக்குக் குழி வெட்ட என்னைத்தான் இழுத்துட்டு வந்தாங்க. அன்னிக்குச் சாயங்காலம் பேய் மழை. காவல்காரங்க ஒதுங்கிட்டாங்க. திடல்ல கிடந்தவனைத் தள்ளுவண்டில சாக்குக்கு அடியில போட்டு இங்க கொண்டாந்தேன். வெட்டின குழியை இன்னும் ஆழமாக்கி, அவனைப் படுக்கவெச்சு மண்ணைப் போட்டேன். மறுநாள் அவன் மேலதான் கேப்டனை இறக்கினாங்க. வாத்தியம் வாசிச்சு, வானத்தைப் பாத்துச் சுட்டு மரியாதை பண்ணினாங்க. இந்த ஊர்ல அவங்க தோண்டிப் பாக்காத இடம் இது ஒண்ணுதான்."

"என்கிட்டகூட மறைச்சிட்டீங்களே," என்றாள் போஜெனா. "ரஷ்யாக்காரங்க போனப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இவங்க என்ன பண்ணுவாங்க?" வேலியைக் காட்டினார். "அவனைத் தோண்டிச் சிலை வெப்பாங்க. இவரைக் குப்பையில கொட்டுவாங்க. நாப்பத்தொன்பது வருஷமாச்சு. எந்த எலும்பு யாரோடதுன்னு நீ பிரிச்சுடுவியா?"

லரிசா தகரப் பெட்டியைக் கீழே வைத்தாள். மேஸ்திரியிடம் கை நீட்டினாள். "இந்தக் குழியை மட்டும் தோண்ட வேண்டாம்னு எழுதித் தரேன். பேப்பரைக் குடுங்க."

எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் போனவளின் கையைச் செவெரின் பிடித்துக்கொண்டார்.

"முழுசாக் கேட்டுட்டுப் போடும்மா. உங்கப்பாவைச் சுட்டது அவன்தான்."

லரிசா கையை விடுவித்துக்கொண்டாள். கிழவரின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.